லஸான்யா என்றால் என்ன அர்த்தம்?



எலுமிச்சை ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கணும், ஊறுகாய் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த களேபரமும், அதை ஒட்டி நான் தெரிந்துகொண்ட சமாசாரமும் இந்தத் தடவை என் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டன.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. போன ஆவணியில் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து சாப்பாட்டில் மனசே செல்லவில்லை. ரசம் சாதம் நாலு வாய், அதோடு கையைக் கழுவிவிடுவார். புடவையெல்லாம் உடம்பில் நிற்காமல் வழிகிறது. டாக்டர், "மெத்தென்று எது இறங்குகிறதோ கொடுங்கள். பால், பருப்பு ஏதாவது ஒரு ரூபத்தில் உள்ளே போகட்டும்" என்றார். பத்தாவது படிக்கும் என் மகள், "அம்மா, ஆச்சிக்கு லஸான்யா பண்ணிக் குடு. பல்லே வேண்டாம், அப்படியே கரையும்" என்றாள்.

தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். லஸான்யா இத்தாலி நாட்டுப் பண்டம். கோதுமை மாவைப் பெரிய பெரிய ஏடாகத் தேய்த்து, வெந்நீரில் வேகவைத்து, ஒரு தட்டில் ஓர் ஏடு, அதன்மேல் குழம்பு, அதன்மேல் சீஸ், மறுபடி ஓர் ஏடு என்று அடுக்கிச் சூளை அடுப்பில் வாட்டுவார்கள். அங்கே இறைச்சிக் குழம்பு வைப்பது வழக்கம். நாங்கள் சைவம், அதனால் கேரட், பீன்ஸ், கீரை வைத்தேன். கடையில் அட்டைப் பெட்டியில் கிடைத்த ஏட்டில் முட்டை கிடையாது, கோதுமை ரவை மட்டும்தான் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சீஸிலும் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கணும். இத்தாலியில் பார்மா நகரத்துப் பக்கம் செய்கிற பேர்பெற்ற சீஸில், பாலைத் திரிப்பதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருளைத்தான் சேர்க்கிறார்கள். அது நமக்கு ஆகாது.

சுடச்சுடத் தட்டில் வைத்தேன். அத்தை மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஸ்பூனையும் எடுத்துவிட்டார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்போதுதான் கேட்டார்: "ஏட்டி, இதுக்குப் பேரு என்ன?"

"லஸான்யா, அத்தை."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

அத்தைக்கு எதற்கும் அர்த்தம் தெரிந்தாகணும். நான் திருதிருவென்று முழித்தேன். என் மகள் கைபேசியில் ஆங்கில அகராதியைத் திறந்து, யோசிக்காமல் உரக்கப் படித்துவிட்டாள். "லஸனம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ஆச்சி. லஸனம்னா..." என்று நிறுத்திச் சிரித்தாள். பிறகு சொல்லியேவிட்டாள். ராத்திரி எழுந்து வெளியே போக முடியாதவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற சட்டி! அவள் சொன்ன வார்த்தையை இங்கே அச்சில் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அத்தை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. "வேண்டாம்டி, எடுத்துரு" என்றார், அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்த நாட்களில் அந்த மாதிரி ஒரு சட்டியோடுதான் அத்தை காலம் தள்ளினார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மகள் அன்று ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

சரி, இந்தப் பெயருக்கு வேறு அர்த்தமே கிடையாதா? எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். லத்தீனுக்கு எங்கே போவேன்? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். இளவயதில் குருமடத்தில் சேர்ந்து லத்தீன் படித்துவிட்டு, பிறகு வேண்டாமென்று வந்துவிட்டவர். மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "ஸார், இப்படி ஒரு வழக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த ஒரு வாரம் அவரும் நானும் ஆளுக்கொரு புத்தகமாகத் தேடியதில் கிடைத்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், அகராதி பொய் சொல்லவில்லை. லஸனம் என்றால் அந்தச் சட்டிதான். ஆனால் சமையல் பானை என்ற பொருளும் இருந்திருக்கலாம் என்று அதே அகராதி சேர்த்துச் சொல்கிறது. என் மகள் அந்தப் பாதியைப் படிக்கவே இல்லை! கிரேக்க மொழியில் இதற்கு மூலமான சொல்லுக்கு அடுப்பில் பானையைத் தாங்குகிற முக்காலி என்றும் பொருள். தாங்குகிற காலிலிருந்து பானைக்கு, பானையிலிருந்து அதில் வேகிற பண்டத்துக்கு என்று பெயர் நகர்ந்து வந்திருக்கும் என்பது ஒரு கட்சி. பாத்திரத்தின் பெயரே பண்டத்துக்கு வருவது ஐரோப்பாவில் சகஜம். ஸ்பெயின் நாட்டில் 'பாயெய்யா' என்று ஒரு சோற்று வகை உண்டு. அந்தச் சொல்லுக்கு வாணலி என்றுதான் அர்த்தம். மொராக்கோவின் 'தாஜின்' குழம்பும் அப்படித்தான். கூம்பு மூடி போட்ட மண்சட்டியின் பெயர் அது.

இன்னொரு கட்சி என்ன சொல்கிறது? பெயர் லஸனத்திலிருந்து வரவில்லை, லகனத்திலிருந்து வந்தது என்கிறது. பார்த்தீர்களா, ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்! லகனம் என்றால் மெல்லிய மாவு ஏடு. கிரேக்கர்களிடமிருந்து ரோமர்கள் எடுத்துக்கொண்ட சொல். ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இஸிதோர் என்ற பாதிரியார், சொற்களுக்குப் பொருள் சொல்லும் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அதில் லகனத்தை, முதலில் தண்ணீரிலும் பிறகு எண்ணெயிலும் வேகிற அகலமான மெல்லிய ரொட்டி என்கிறார். ரோமர்களின் பழைய சமையல் நூலான அபிசியஸிலோ, இறைச்சிக் கலவைக்கு நடுநடுவே லகனத்தை அடுக்கிச் செய்கிற ஒரு பண்டமே இருக்கிறது. அடுக்கு, ஏடு, நடுவில் குழம்பு! லஸான்யாவுக்குப் பாட்டி முறை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

வாத்தியார் கொண்டுவந்த பழைய புத்தகம் ஹோரஸ் என்ற ரோமானியக் கவிஞருடையது. சுமார் கி.மு. 35-இல் வெளிவந்த அங்கதப் பாடல்கள். அதில் முதல் புத்தகத்தின் ஆறாவது பாட்டைத்தான் அவர் எனக்கு வரிவரியாக அர்த்தம் சொல்லிக் காட்டினார். இந்த ஹோரஸ் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. அவருடைய அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஊர், தென் இத்தாலியில் வெனோஸா. பெரிய மனிதர்களின் சகவாசம் கிடைத்த பிறகும், 'எனக்குப் பதவியும் பகட்டும் வேண்டாம்' என்று சொல்கிற பாட்டு அது.

அதிலே டில்லியஸ் என்று ஓர் அதிகாரி வருகிறார். அவர் ரோமிலிருந்து திபூர் போகிற சாலையில் ஜம்மென்று போகிறார். பின்னால் ஐந்து அடிமைப் பையன்கள் சுமை தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். என்ன சுமை தெரியுமா? ஒயின் ஜாடி ஒன்று. இன்னொன்று லஸனம்! ஆமாம், நம் வீட்டில் சண்டை மூட்டிய அதே சட்டிதான். கவிஞர் கேலி செய்கிறார்: எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, இஷ்டப்பட்ட இடத்துக்குத் தனியாகப் போவேன், சாயங்காலம் கடைவீதியில் கீரை என்ன விலை, மாவு என்ன விலை என்று விசாரிப்பேன் (இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப் போய்விட்டது!), பிறகு வீட்டுக்குப் போய் என் கிண்ணத்தின் முன்னால் உட்காருவேன். அந்தக் கிண்ணத்தில் என்ன? வெங்காயத் தாள் மாதிரி இருக்கிற லீக்ஸ், கொண்டைக்கடலை, அப்புறம் லகனம்!

ஆக, சண்டைக்காரர்கள் இருவரும் ஒரே பாட்டில், ஆறேழு வரி இடைவெளியில் இருக்கிறார்கள். பெரிய மனிதன் பின்னால் போவது லஸனம், ஏழைக் கவிஞன் சாப்பிடுவது லகனம். நான் திண்ணையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன். வாத்தியாரின் மனைவி காபியோடு வந்தவர், என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

"அப்படியானால் லகனம்தான் லஸான்யா ஆச்சு, முடிஞ்சுதா ஸார்?" என்றேன். "அவசரப்படாதீங்கம்மா" என்றார். லகனம் என்ற சொல் அழிந்து போகவில்லை. தென் இத்தாலியில், ஹோரஸ் பிறந்த பக்கத்திலேயே, 'லகானே' என்று இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அகலமான பட்டைகளாக வெட்டிய மாவு ஏடுதான் அது. நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சு வழக்கில் பூரிக்கட்டைக்குக்கூட 'லகனதூரோ' என்றுதான் பெயர். கிரேக்க நாட்டில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்குகிற திங்கட்கிழமையில் சுடுகிற தட்டை ரொட்டிக்கு 'லகானா' என்று பெயர். இவ்வளவு இடத்தில் 'க' 'க'வாகவே நிற்கும்போது, ஒரே ஒரு சொல்லில் மட்டும் அது 'ஸ'வாக மாறினது எப்படி என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். லஸனத்திலிருந்து லஸான்யா என்றால் ஒலி சரியாகப் பொருந்துகிறது. அதனால்தான் அகராதிக்காரர்கள் சட்டியின் கட்சியில் நிற்கிறார்கள், சமையல் சரித்திரம் எழுதுகிறவர்களில் பலர் ஏட்டின் கட்சியில் நிற்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. பாக்தாத் நகரத்தில் 'லௌஸினாஜ்' என்று ஒரு தித்திப்பு இருந்தது. காகிதம் போன்ற ஏட்டுக்குள் பாதாம் பொடி வைத்துச் செய்வது. 'லௌஸ்' என்றால் அரபியில் பாதாம். அந்தப் பெயர்தான் கடல் தாண்டிப் போய் லஸான்யா ஆயிற்று என்கிறார்கள். பாதாமிலிருந்து சீஸுக்கு எப்படி வந்தார்களோ! எனக்கென்னவோ இது ஒட்டவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் பானையிலிருந்து வந்திருக்கட்டும், பண்டம் ஏட்டிலிருந்து வந்தது. பண்டிதர்கள் என்னை மன்னிப்பார்களாக.

லஸான்யாவைப் பற்றி எழுத்தில் கிடைக்கிற சங்கதிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து வருகின்றன. பார்மாவைச் சேர்ந்த ஸலிம்பேனே என்ற துறவி 1280-களில் ஒரு வரலாறு எழுதினார். அதில், கூட இருந்த பருமனான துறவி ஒருவரைப் பற்றி, சீஸ் போட்ட லஸான்யாவை அவரைப் போல ஆசையாகச் சாப்பிட்டவரை நான் கண்டதே இல்லை என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். பாவம் அந்த மனிதர், எழுநூறு வருஷம் கழித்தும் நாம் அவர் சாப்பாட்டைப் பேசுகிறோம்!

செய்முறை வேண்டுமென்றால், நேப்பிள்ஸ் அரசவையோடு சம்பந்தப்பட்ட ஒரு லத்தீன் சமையல் புத்தகத்தில் இருக்கிறது. சுமார் 1300-ஆம் வருஷத்தை ஒட்டியது. புளித்த மாவை முடிந்தவரை மெல்லியதாகத் தேய்த்து, மூன்று விரல் அகலச் சதுரமாக வெட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைக்கணும். துருவிய சீஸும், விருப்பமானால் பொடித்த மசாலாவும் தூவி ஓர் அடுக்கு, மேலே இன்னோர் அடுக்கு, தட்டு நிறையும்வரை. பிறகு கூரான மரக் குச்சியால் குத்தி எடுத்துச் சாப்பிடணும். அவ்வளவுதான். சூளை அடுப்பில் வைக்கச் சொல்லவே இல்லை! வீட்டில் ஓவன் இல்லையே என்று ஏங்குகிற சகோதரிகள் கவனிக்கணும்.

தக்காளியையும் காணோம் பாருங்கள். எப்படி இருக்கும்? தக்காளி அமெரிக்காக் கண்டத்துச் செடி. 1492-இல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு அது தெரியும். இத்தாலியச் சமையல் புத்தகத்தில் தக்காளிச் சட்னி மாதிரி ஒன்று அச்சானது 1690-களில். சிவக்கச் சிவக்க இன்று நாம் படத்தில் பார்க்கிற லஸான்யா அதற்கும் பிறகு வந்த பேத்தி. பொலோனியா நகரத்தில் கீரையை அரைத்து மாவில் கலந்து பச்சை ஏடாகச் செய்து, வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்ந்த வெள்ளைக் குழம்போடு இறைச்சிக் குழம்பையும் வைத்து அடுக்குகிறார்கள். நேப்பிள்ஸிலோ நோன்புக்கு முந்தின திருவிழாவுக்கு ரிக்கோட்டா என்ற பாலாடைக்கட்டியும் இறைச்சி உருண்டையும் வைத்துச் செய்கிறார்கள். நேப்பிள்ஸை ஆண்ட கடைசி ராஜா இரண்டாம் பிரான்செஸ்கோவுக்கு இதன்மேல் இருந்த ஆசையைப் பார்த்து, அப்பாவே 'லாஸா' என்று செல்லப்பெயர் வைத்தார் என்று அங்கே கதை சொல்வார்கள்.

2003-இல் இங்கிலாந்துக்காரர்கள் சிலர், லஸான்யா எங்கள் ஊர்ப் பண்டம் என்று கிளம்பினார்கள். இரண்டாம் ரிச்சர்ட் ராஜாவின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் எழுதின புத்தகத்தில் 'லோஸின்ஸ்' என்று மாவு ஏடும் சீஸும் அடுக்குகிற ஒரு பண்டம் இருக்கிறதாம். இத்தாலியத் தூதரகம் சும்மா இருக்குமா? அது என்னவாக இருந்தாலும் நாங்கள் செய்கிற லஸான்யா இல்லை என்று பதில் கொடுத்தது. அந்த நேப்பிள்ஸ் புத்தகம் அதற்கும் முந்தையது ஆயிற்றே.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லஸாக்னா' என்று படிக்க வேண்டாம். இத்தாலியில் அந்த 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்தால் நம் 'ஞ'தான். லஸாஞ்ஞா என்றால் ஓர் ஏடு, லஸாஞ்ஞே என்றால் பல ஏடுகள். ஓர் ஏட்டை வைத்து யார் சமைக்கிறார்கள்? அதனால் அந்த ஊரில் பெரும்பாலும் பன்மையில்தான் பேச்சு.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். அந்த அதிகாரி கதையில் கொஞ்சம் சிரித்தார். "இருந்தாலும் அந்தப் பேரு வேண்டாம்டி" என்றார். வற்புறுத்தவில்லை நான். மனசில் ஒன்று பதிந்துவிட்டால் தொண்டைக்குள் எப்படி இறங்கும்?

அப்போதுதான் ஹோரஸ் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்தது. லகானேயும் கொண்டைக்கடலையும் சேர்ந்த பண்டம் தென் இத்தாலியில் இன்றும் வீடுகளில் நடக்கிறது. முட்டை இல்லை, சீஸ்கூடத் தேவையில்லை. டாக்டர் கேட்ட பருப்பும் ஆயிற்று.

கால் கிலோ கோதுமை மாவில் இரண்டு கைப்பிடி சன்ன ரவை சேர்த்து, உப்பும் வெந்நீரும் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வைத்தேன். மெல்லியதாகத் தேய்த்து ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒட்டாமல் இருக்க மாவு தூவி உலர்த்தினேன். முந்தின ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை ஓர் ஆழாக்கு, உப்புப் போட்டுக் குக்கரில் வெந்தது. அதில் பாதியை மசித்துவிட்டேன். குழம்பு கெட்டிப்படும், வயசானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சிரமமில்லை. அங்கே ஆலிவ் எண்ணெய். நான் நம் கடலை எண்ணெயில் ஆறு பல் பூண்டும் ஒரு வற்றல் மிளகாயும் தாளித்துக் கடலையைத் தண்ணீரோடு கொட்டினேன். பட்டைகளைக் கொதிநீரில் ஐந்து நிமிஷம் வேகவிட்டு எடுத்து அதில் போட்டுப் புரட்டி, இறக்கும்போது மிளகுப் பொடி. கொஞ்சம் தளரவே இருக்கட்டும், ஆறினால் இறுகிவிடும்.

தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். மகள் கதவோரம் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

"இதுக்குப் பேரு என்ன?"

"லகானே, அத்தை."

"அப்படின்னா?"

"மாவு ஏடு."

"வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே?" என்று பேத்தியைப் பார்த்தார். அவள் அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

அத்தை ஒரு பட்டையை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். இன்னொன்று எடுத்தார். தட்டில் முக்கால் பாகம் காலியானது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "பூண்டை இன்னும் கொஞ்சம் செவக்க விட்டிருக்கலாம்டி" என்றார்.